அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கில் பூர்வி ஸ்டார் இல்லை: 53 வருடம் கழித்துப் பதிவைத் திருத்த முடியுமா?

கீழ்வீதி மகள் | 2024 டிசம்பர் 19

எல்லாருக்கும் வணக்கம். பட்டாளத்து ஆவணங்கள் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

இந்த 16-ம் தேதி, 1971 போரின் வெற்றி நாளான விஜய் திவஸுக்கு எங்கள் ஊர் முன்னாள் படைவீரர் சங்கத்தில் கொடியேற்றினார்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவருக்கு 75 வயது. 1971-ல் பணியில் இருந்தவர்கள் அங்கே நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லார் சட்டையிலும் வட்டமான சங்கிராம் மெடலுக்குப் பக்கத்தில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று தொங்கியது, அதுதான் பூர்வி ஸ்டார். அப்பா சட்டையில் அது இல்லை. ஏழாவது படிக்கும் என் மகன், "தாத்தா, உங்களுக்கு ஏன் ஸ்டார் இல்ல? நீங்க சண்டைக்குப் போகலையா?" என்று கேட்டுவிட்டான். அப்பா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையை மடித்து வைத்துவிட்டுப் படுத்தவர், ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

அப்பா 1968-ல் சேர்ந்து 1985-ல் நாயக்காக ஓய்வு பெற்றார். டிரைவர். 1971 நவம்பரில் அவர் யூனிட்டிலிருந்து சில வண்டிகளை டிரைவர்களோடு ஒரு பீரங்கிப் படைப்பிரிவுக்கு அட்டாச்மென்டில், அதாவது தற்காலிகப் பணிக்கு, அனுப்பியிருக்கிறார்கள். அகர்தலா வழியாக வங்கதேசத்துக்குள் போனது, குண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் விளக்கில்லாமல் வண்டி ஓட்டியது, மேக்னா ஆற்றங்கரையில் பாலம் தகர்ந்து கிடந்தது எல்லாம் நாங்கள் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைகள். ஆனால் பணி முடிந்து வரும்போது தந்த டிஸ்சார்ஜ் புக்கில் மூன்றே மெடல்கள்தான் எழுதியிருக்கின்றன: சங்கிராம், 25-வது சுதந்திர ஆண்டு மெடல், 9 வருட நீண்ட சேவை மெடல்.

2019-ல் அண்ணன் உருக்கமாக நான்கு பக்கம் எழுதி அனுப்பினார். "பதிவேடுகளின்படி தகுதி இல்லை" என்று இரண்டு வரியில் பதில் வந்தது. படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் அந்த ரெக்கார்ட் ஆபீஸ் எது என்று இங்கே சொல்ல விரும்பவில்லை. யாரையும் குறை சொல்ல வரவில்லை, வழி மட்டும் தெரிந்தால் போதும்.

ஓய்வு ஹெட்கிளார்க் | 2024 டிசம்பர் 19

மகளே, 28 வருடம் ரெக்கார்ட் வேலை பார்த்தவன் நான். உங்கள் அப்பா சண்டைக்குப் போகவில்லை என்று எந்தத் தாளும் சொல்லவில்லை. போனார் என்று சொல்லும் தாள் அவருடைய கோப்புக்கு வந்து சேரவில்லை. உங்கள் பையனிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

பூர்வி ஸ்டார் கிழக்கு முனைக்கானது. 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை வங்கதேசம், திரிபுரா, மேகாலயா, அசாம், மிசோரம், மேற்கு வங்கம் ஆகிய இடங்களில் போர்ப்பகுதியில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. மேற்கு முனையில் இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். சங்கிராம் மெடல் இவற்றைவிடப் பரவலானது. எல்லை மாநிலங்களில் 1972 டிசம்பர் வரை பணியாற்றியவர்களுக்கும் கிடைத்தது. அப்பாவுக்குச் சங்கிராம் இருந்து ஸ்டார் இல்லை என்றால், அவர் அந்தப் பக்கம் இருந்தார் என்று ஆவணத்துக்குத் தெரியும், போர்ப்பகுதிக்குள் போனார் என்று தெரியாது என்றுதான் அர்த்தம்.

நீங்கள் அட்டாச்மென்ட் என்று எழுதியதைப் படித்ததுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஸ்டார்களை அறிவித்தது போர் முடிந்து ரொம்ப நாள் கழித்து. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு யூனிட்டும் தன் ஆட்களின் பட்டியலைத் தயாரித்தது. அட்டாச்மென்டில் போனவன் அதற்குள் தாய் யூனிட்டுக்குத் திரும்பியிருப்பான். பீரங்கிக்காரர்கள் "இவன் நம்ம ஆள் இல்லை, அவன் யூனிட் எழுதிக்கொள்ளும்" என்று விட்டிருப்பார்கள். தாய் யூனிட்டோ அந்தச் சமயம் வேறெங்காவது இருந்திருக்கும். "நாம் போர்ப்பகுதிக்குள் போகவில்லையே" என்று பட்டியலே போட்டிருக்காது. நடுவில் விழுந்தவர்கள் டிரைவர்கள், சமையல்காரர்கள், சிக்னல் பையன்கள், நர்சிங் உதவியாளர்கள். நான் பார்த்த விடுபட்ட கேஸ்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

உருக்கமான கடிதம் வேண்டாம். முதலில் அப்பாவின் ஷீட் ரோல் (பணிப் பதிவேடு) நகலும், 1971 அக்டோபர் முதல் 1972 மார்ச் வரையிலான பார்ட் டூ ஆர்டர்களில் (ஆட்களின் மாற்றம், வருகை போன்றவற்றைப் பதியும் யூனிட் உத்தரவுகள்) அவர் பெயர் வரும் பதிவுகளின் நகலும் கேளுங்கள். ஆர்டிஐ-யில் (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். மனு அப்பா பெயரில், அப்பா கையெழுத்தில் போகட்டும். நீங்கள் போட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று திருப்பிவிட வாய்ப்பு உண்டு.

நேர்கோடு | 2024 டிசம்பர் 20

தவறாக நினைக்காதீர்கள் சகோதரி. 53 வருடம் ஆகிவிட்டது. இந்த ஸ்டாரால் பென்ஷன் ஒரு ரூபாய்கூட ஏறப்போவதில்லை. வயதானவரை இதற்காக அலைய வைக்க வேண்டுமா? அன்போடு பார்த்துக்கொண்டால் போதாதா?

மெட்ராஸ் சாப்பர் | 2024 டிசம்பர் 20

நேர்கோடு தம்பி, அக்கறையில் கேட்கிறீர்கள், புரிகிறது. பணம் வராது என்பதும் உண்மைதான். மகா வீர் சக்ரா, வீர் சக்ரா போன்ற வீரத்துக்கான விருதுகளுக்குத்தான் மாதப் படி உண்டு. அவை அரசிதழில் வெளியாகும், கோப்பைத் திருத்திச் சேர்க்கிற சங்கதி அல்ல. போரில் பங்கெடுத்ததற்கான ஸ்டாருக்குக் காசு கிடையாது.

ஆனால் நான் 1971-ல் மேற்கு முனையில் இருந்தவன். பசந்தர் ஆற்றங்கரையில் 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்காரர்கள் டிசம்பர் 15 ராத்திரி கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை போட்டார்கள். நம்ம மெட்ராஸ் சாப்பர்கள், அதாவது ராணுவப் பொறியியல் படைக்காரர்கள். அந்தப் பாதை வழியாகத்தான் பூனா ஹார்ஸ் டாங்கிகள் அக்கரைக்குப் போயின. அந்த வேலையில்தான் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி உயிரைக் கொடுத்தார். அவருக்கு மகா வீர் சக்ரா. மண்ணில் மண்டியிட்டுக் கத்தியால் குத்திக் குத்திக் கண்ணி தேடிய பையன்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த ஸ்டாரைத் தவிர வேறெதுவும் கிடையாது. அந்த ராத்திரி இவன் அங்கே இருந்தான் என்று நாடு எழுதிக் கொடுத்தது அது ஒன்றுதான். ஒருவனுக்கு எழுதிக் கொடுத்து, பக்கத்தில் நின்றவனுக்கு எழுதாமல் விட்டால் அது சாகும்வரை உறுத்தும்.

அப்பாவை அலைய வைக்க வேண்டாம், மகள் அலையட்டும். ஆனால் மனுவைக் கட்டாயம் போடுங்கள்மா.

நேர்கோடு | 2024 டிசம்பர் 20

ஐயா, இதை இப்படி நான் யோசிக்கவில்லை. சகோதரி, தட்டச்சு, ஸ்கேன் என்று எந்த உதவி வேண்டுமானாலும் சொல்லுங்கள், செய்து தருகிறேன்.

பொன்னேரிப் பேரன் | 2024 டிசம்பர் 22

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தாத்தா 1965 போரில் காலில் குண்டுச் சிதறல் பட்டு ஆஸ்பத்திரியில் இருந்தவர். இப்போது இல்லை. காயம்பட்டவர்களுக்கு ஒரு மெடல் உண்டாமே, அது 1971-க்குப் பிறகு காயம்பட்டவர்களுக்குத்தானா?

ஓய்வு ஹெட்கிளார்க் | 2024 டிசம்பர் 22

இல்லை தம்பி. வூண்ட் மெடல் எழுபதுகளில்தான் ஏற்படுத்தப்பட்டது என்றாலும், 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு எதிரியோடு நேரடி மோதலில் காயம்பட்ட எல்லாருக்கும் பொருந்தும். 1965-ம் அதில் அடக்கம். தாத்தாவின் பார்ட் டூ ஆர்டரில் "பேட்டில் கேஷுவல்டி" (போரில் காயம்பட்டவர்) என்று பதிவாகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆஸ்பத்திரித் தாள், மெடிக்கல் போர்டு தாள் ஏதாவது வீட்டில் இருந்தால் அதன் மூலையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். சட்டப்படி வாரிசு விண்ணப்பிக்கலாம். பாட்டி இருந்தால் அவர் பெயரில் போடுங்கள்.

இன்னொன்று, தாத்தா பென்ஷன் வாங்கினாரா? பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் கோப்புகளை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவார்கள். விதியே அப்படித்தான். அப்போது மிஞ்சுவது லாங் ரோல் என்கிற பேரேடு மட்டும். அதில் ஓர் ஆளுக்கு ஒரு சில வரிதான் இருக்கும்.

வக்கீல் தங்கை | 2024 டிசம்பர் 23

ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில் சில வழக்குகள் நடத்தியிருக்கிறேன். எடுத்த எடுப்பில் அங்கே போகாதீர்கள். முதலில் ரெக்கார்ட் ஆபீஸில் முறையாக விண்ணப்பித்து, காரணத்தோடு ஒரு பதில் வாங்குங்கள். அந்த இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2019-ல் வந்த இரண்டு வரிக் கடிதத்துக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஆனால் புதிய ஆதாரத்தோடு புதிதாக விண்ணப்பித்துப் புதிய பதில் வாங்க எந்தத் தடையும் இல்லை.

இந்த இழையைப் பார்த்துவிட்டு யாராவது தனிச்செய்தியில் வந்து "மெடல் வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்றால் நம்பாதீர்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தை மேலொப்பமிட்டு அனுப்பித் தருவார்கள், செலவில்லை.

டல்லாஸ் தமிழன் | 2024 டிசம்பர் 27

என் மாமனார் அமெரிக்கர், கொரியப் போருக்குப் போனவர். அவருக்காக நாங்களும் இதே மாதிரி அலைந்தோம். இங்கே டிடி 214 என்ற தாள்தான் டிஸ்சார்ஜ் புக் மாதிரி. அதில் மெடல் விடுபட்டிருந்தால் டிடி 215 என்ற திருத்தத் தாள் தருவார்கள். 1973 ஜூலை 12-ல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. மாமனார் கோப்பும் அதில் போயிற்று. சம்பளத் தாள், யூனிட்டின் காலை ரிப்போர்ட் என்று வேறு வேறு இடங்களிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்துத்தான் நிரூபித்தோம். கோப்பில் இல்லாதது வேறெங்காவது இருக்கும் சகோதரி. வீட்டில் தேடுங்கள், பழைய கடிதங்களையும் விடாதீர்கள்.

ஓய்வு ஹெட்கிளார்க் | 2024 டிசம்பர் 27

டல்லாஸ் தம்பி சொன்னது முக்கியம். மகளே, அப்பாவின் சங்கிராம் மெடலைக் கையில் எடுத்து அதன் விளிம்பைப் பாருங்கள். எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். அந்தப் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே விண்ணப்பத்தில் வர வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில்தான் எல்லாக் குழப்பமும். இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் பின்னால் போட்டிருப்பார்கள், ஆதாரில் ஒரு மாதிரி, டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு மாதிரி. பெயர் ஒத்துப்போகவில்லை என்று ஒரு தடவை திரும்பி வந்தால் நான்கு மாதம் போய்விடும்.

கீழ்வீதி மகள் | 2025 பிப்ரவரி 21

நீங்கள் சொன்னபடி ஆர்டிஐ போட்டோம். 26-வது நாள் பதில் வந்தது, பதினொரு தாள் நகல்.

பாதி படிக்கவே முடியவில்லை. ஆனால் ஒரு தாளில், 1971 நவம்பர் 22 முதல் அப்பா அட்டாச்மென்டில் அனுப்பப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. எங்கே என்ற இடத்தில் மை ஊறி எழுத்து அழிந்துவிட்டது. அடுத்த பதிவு 1972 பிப்ரவரியில், திரும்பி வந்ததாக. நடுவில் எதுவும் இல்லை.

விளிம்பையும் பார்த்தோம் ஐயா. பல வருட அழுக்கு ஏறியிருந்தது. என் மகன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தான். முதலில் எண் தெரிந்தது. அவன் ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, அடுத்த அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்த அப்பா ஒவ்வொன்றையும் அவனுக்கு முன்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஓய்வு ஹெட்கிளார்க் | 2025 பிப்ரவரி 21

அருமை! பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். நவம்பர் 22-க்கும் பிப்ரவரிக்கும் நடுவே அவர் தாய் யூனிட்டில் இல்லை என்பது அவர்களுடைய ஆவணத்திலேயே இருக்கிறது. இனி அந்த நாட்களில் எந்த யூனிட்டோடு இருந்தார் என்று காட்டினால் போதும். அந்த யூனிட் எங்கே இருந்தது என்பது ராணுவத்துக்கே தெரியும். அந்த நாட்களில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஏதாவது உண்டா? ராணுவத் தபால் முகவரி கிழக்கே இருந்தவர்களுக்கு 99 ஏபிஓ, மேற்கே இருந்தவர்களுக்கு 56 ஏபிஓ. ஊர் பெயர் எழுத விடமாட்டார்கள். ஆனால் அனுப்புநர் முகவரியில் யூனிட் பெயர் இருக்கும்.

கீழ்வீதி மகள் | 2025 மார்ச் 9

கிடைத்துவிட்டது.

பாட்டியின் டிரங்குப் பெட்டி அத்தை வீட்டுப் பரணில் கிடந்தது. பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அப்பா எழுதிய ஒரு கடிதத்தைக்கூடத் தூக்கிப் போட்டதில்லை. கல்யாணப் பத்திரிகைகள், ரேஷன் அட்டை, அவற்றுக்கு அடியில் ஒரு மஞ்சள் பை, அதற்குள் முப்பதுக்கும் மேல் கடிதங்கள். ஒன்றொன்றாக முத்திரையைப் பார்த்துக்கொண்டே வந்தோம். நீல இன்லண்ட் லெட்டர் ஒன்று, மடிப்பில் கிழிந்திருக்கிறது. வட்ட முத்திரையில் களத் தபால் நிலைய எண்ணும், 11 டிசம்பர் 71 என்ற தேதியும் தெளிவாக இருக்கின்றன. பின்பக்கம் அப்பாவின் எண், ரேங்க், பெயர், அதற்குக் கீழே அந்தப் பீரங்கிப் படைப்பிரிவின் பெயர், 99 ஏபிஓ.

உள்ளே எட்டே வரி. "அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். இங்கே ஆறு நம்ம காவிரியைப் போல நாலு மடங்கு. வண்டி நன்றாக ஓடுகிறது. கவலைப்பட வேண்டாம். தங்கச்சிக்குப் பொங்கலுக்குப் பாவாடை எடுத்துக்கொடுக்கவும்." அத்தை அதைப் படித்துவிட்டு அழுத அழுகையைச் சொல்ல முடியாது. அந்தப் பொங்கலுக்குப் பாவாடை எடுத்தார்களாம், பச்சை நிறமாம்.

மெட்ராஸ் சாப்பர் | 2025 மார்ச் 9

எட்டு வரியிலும் தான் பட்ட கஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பார்த்தீர்களா. நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். அம்மா, உங்கள் அப்பாவுக்கு என் சல்யூட்டைச் சொல்லுங்கள்.

ஓய்வு ஹெட்கிளார்க் | 2025 மார்ச் 10

அசலை யாருக்கும் அனுப்பாதீர்கள். இரு பக்கமும் கலர் நகல் எடுத்து, மாவட்ட நல அலுவலகத்தில் அசலைக் காட்டிச் சான்றொப்பம் வாங்குங்கள்.

விண்ணப்பம் ஒரே பக்கம் போதும். விளிம்பில் உள்ளபடி எண், ரேங்க், பெயர். தாய் யூனிட், அட்டாச்மென்ட் யூனிட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. கேட்கும் மெடல் பூர்வி ஸ்டார். அவர்களே தந்த பார்ட் டூ நகலில் அந்த வரியைக் கோடிட்டு இணையுங்கள், அப்புறம் கடிதத்தின் நகல். அந்தப் பீரங்கிப் படையில் இருந்த யாராவது உயிரோடு இருந்தால் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கினால் இன்னும் பலம். சங்கங்களில் விசாரியுங்கள். "என் தந்தை நாட்டுக்காக" என்று ஒரு வரிகூட வேண்டாம். மேசையில் இருக்கிற கிளார்க்குக்கு முதல் பார்வையிலேயே தேதியும் யூனிட்டும் கண்ணில் பட வேண்டும்.

நேர்கோடு | 2025 மார்ச் 10

சகோதரி, பார்ட் டூ நகலில் மை ஊறிய இடத்தை அனுப்புங்கள். ஸ்கேன் செய்து வெளிச்சத்தை மாற்றிப் பார்க்கிறேன்.

கீழ்வீதி மகள் | 2025 மார்ச் 30

நேர்கோடு அண்ணாவுக்கு நன்றி. ஊறிய இடத்தில் படைப்பிரிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் தெரிகின்றன, கடிதத்தோடு ஒத்துப்போகின்றன. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் விசாரித்தோம். வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர் என்பதால் அங்கிருந்து ஆள் மாற்றி ஆள் கேட்டு, அதே பீரங்கிப் படையில் இருந்த ஒரு ஓய்வு பெற்ற சுபேதாரைக் கண்டுபிடித்தோம். அவருக்கு அப்பா முகம் நினைவில்லை. ஆனால் "வெளி யூனிட் டிரைவர்கள் வந்தார்கள், அதில் இரண்டு தமிழ்ப் பையன்கள், ஒருவன் வண்டியின் முன்கண்ணாடியில் முருகன் படம் ஒட்டியிருந்தான்" என்றார். அப்பாவிடம் சொன்னேன். "அது நான் இல்லை, தேனிக்காரன்" என்றார். சுபேதார் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தார். விண்ணப்பம் போய்விட்டது.

கீழ்வீதி மகள் | 2025 செப்டம்பர் 14

ஆறு மாதமாக ஒன்றும் எழுதவில்லை, மன்னிக்கவும். நடுவில் ஒரு விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். போன மாதம் கடிதம் வந்தது. தகுதி ஏற்கப்பட்டது, பதிவேட்டில் பூர்வி ஸ்டார் சேர்க்கப்பட்டது, டிஸ்சார்ஜ் புக்கில் பதிவு செய்ய அசலை அனுப்பவும் என்று இருந்தது.

அப்பா தபாலில் அனுப்பச் சம்மதிக்கவில்லை. "1985-லிருந்து என் கையை விட்டுப் போனதில்லை" என்றார். ரயிலில் போனோம். போகும்போது முழுவதும் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். அங்கே இருந்த இளம் கிளார்க் அப்பாவை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, மெடல் பக்கத்தைத் திறந்து மூன்றாவது வரிக்குக் கீழே பேனாவால் எழுதினார். அதிகாரி கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். கிளார்க் புத்தகத்தை மூடப் போனபோது அப்பா கையை நீட்டித் தடுத்தார். மை காயும்வரை மூட விடவில்லை.

மெடல் வர நாளாகும் என்றார்கள். கொல்கத்தா நாணயச்சாலையில் அடித்து, பெயர் பொறித்து வர வேண்டுமாம். வரட்டும். இந்த டிசம்பர் 16-க்கு அப்பா டிஸ்சார்ஜ் புக்கையே எடுத்துக்கொண்டு வருகிறேன் என்கிறார்.

மெட்ராஸ் சாப்பர் | 2025 செப்டம்பர் 14

கண் கலங்கிவிட்டது அம்மா. ஜெய் ஹிந்த்.

ஓய்வு ஹெட்கிளார்க் | 2025 செப்டம்பர் 14

அந்தப் பக்கத்தை இப்போதே மூன்று நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் மகளே. ரொம்பச் சந்தோஷம்.

கீழ்வீதி மகள் | 2025 செப்டம்பர் 16

ஐயா, இன்னொரு கேள்வி. ரயிலில் திரும்பும்போது அப்பா அந்தத் தேனிக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அதே அட்டாச்மென்ட், அதே வண்டி வரிசை. வீட்டுப் பிரச்சினையால் 1975-ல் பென்ஷன் இல்லாமல் வெளியே வந்துவிட்டாராம். இருபது வருடத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் மனைவியிடம் போனில் பேசினோம். தாள்கள் எல்லாம் கரையான் அரித்துப்போய்விட்டன, எண்கூடத் தெரியாது என்கிறார். கோப்பும் அழிந்திருக்கும், இல்லையா? அவருக்கும் போட முடியுமா?

ஓய்வு ஹெட்கிளார்க் | 2025 செப்டம்பர் 16

கோப்பு போயிருக்கும். லாங் ரோல் இருக்கும். அப்பாவின் விஷயத்தில் ஏற்றுக்கொண்ட உத்தரவையும் சுபேதாரின் பத்திரத்தையும் அவர் மனைவியின் விண்ணப்பத்தோடு இணைக்கலாம். பத்திரத்தில் இரண்டு தமிழ்ப் பையன்கள் என்று இருப்பது உதவும். ஆனால் எண் இல்லாமல் லாங் ரோலில் தேடுவது மிகவும் கஷ்டம். ஏதாவது பழைய போட்டோவின் பின்னால், பெல்ட்டில், பெட்டி மூடியில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ்வீதி மகள் | 2025 செப்டம்பர் 16

அப்பாவிடம் கேட்டேன். ட்ரெய்னிங்கில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலாம், காலையில் எண் சொல்லித்தான் பேர் கூப்பிடுவார்களாம். தயங்காமல் முழு எண்ணையும் சொல்லிவிட்டார். எழுதி வைத்துக்கொண்டேன்.